ஊமை மணியின் முன்தாள்

"அங்கிள், இதிலை ஒரு தாள் இல்லை."

அனோஜா இதைச் சொன்னபோது நான் குசினியில் தேத்தண்ணிக்குச் சீனி போட்டுக்கொண்டிருந்தேன். எத்தனை கரண்டி போட்டேன் என்பது மறந்துபோனது.

"ஓம் பிள்ளை, இல்லைத்தான்," என்றார் என் கணவர் றெமிஜியஸ். அந்தக் கேள்வி எப்போது வரும் என்று காலையிலிருந்து காத்திருந்தவர் அவர். குரலிலேயே சந்தோஷம் தெரிந்தது. "அதுக்குள்ளை ஒரு பெரிய கதை இருக்கு. ஆறுதலாய் இருந்து கேளும்."

பெரிய கதைதான். முப்பத்தாறு வருடங்களாக அதைச் சொல்லிவருகிறார். ஸ்காபரோவில் எந்த மண்டபத்தில் புத்தக வெளியீடு நடந்தாலும், யாராவது தணிக்கை என்று வாயெடுத்தால் போதும், இவர் எழும்பிவிடுவார். ரஷ்யாவில் ஒரு அரசாங்கம் பூட்டி வைத்த புத்தகத்தை, யாழ்ப்பாணத்தில் ஒரு ஆமிக்காரன் வந்து வெட்டினான் என்பது கதை. அந்த ஆமிக்காரனுக்கு முதலில் முகமே இருக்கவில்லை. தொண்ணூறுகளில் மீசை முளைத்தது. கனடா வந்த பிறகு கையில், துப்பாக்கி முனையில் செருகுகிற துவக்குக் கத்தியும் ஏறியது.

கதையில் ஒரேயொரு குறை. எந்த ஆமிக்காரனும் அந்தப் புத்தகத்தைத் தொட்டதில்லை. தாளை வெட்டியது நான். அது இவருக்குத் தெரியாது.

"கதைக்கு முதல் புத்தகத்தைப் பாத்து முடிக்கிறன் அங்கிள்," என்றாள் அனோஜா.

அவள் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் அரிய நூல் பகுதியிலிருந்து வந்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். தாய் தகப்பன் மன்னார், பிறந்தது இங்கே. ரஷ்ய மொழி படித்தவள். புத்தகத்தை நூலகத்துக்கு அன்பளிப்பாகக் கொடுக்க விரும்புவதாக இவர்தான் எழுதியிருந்தார். வருகிறவள் தமிழ்ப் பெண் என்று தெரிந்ததும் டொலர் கடைக்குப் போய் வெள்ளைக் கையுறை இரண்டு சோடி வாங்கி வைத்தார். அவளோ, "கிளவ்ஸ் வேண்டாம் அங்கிள், கை கழுவினாக் காணும்," என்று சொல்லிவிட்டாள். அந்த இடத்திலேயே இவருக்கு அவள்மேல் நம்பிக்கை கொஞ்சம் குறைந்தது.

எங்கள் சாப்பாட்டு மேசையில் ஒரு கறுப்புத் துணியை விரித்து, பஞ்சு மெத்தை போன்ற இரண்டு துண்டுகளை வைத்து, அதன்மேல் புத்தகத்தைப் பாதி திறந்தபடி கிடத்தியிருந்தாள். கைக்குழந்தைக்கு வைத்தியம் பார்ப்பதுபோல இருந்தது. சாம்பல் நிற அட்டை, எண்பது பக்கம், ஒரு பாட்டுப் புத்தகத்தின் அளவு. பெயர் 'ஊமை மணி'. எழுதியவர் ஆர்சேனி ஒஸ்கோலின் என்ற கவிஞர். 1912இல் முந்நூறு பிரதிகள் மட்டும் அடித்தார்களாம். இன்று எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்று எவருக்கும் தெரியாது.

கலியாணம் கட்டிய முதல் வருடம் நான் இவரிடம் கேட்டிருக்கிறேன்.

"இந்த மனிசன் அரசாங்கத்துக்கு எதிராய் எழுதினவரே?"

"ஒரு வரி எழுதேல்லை. மூடுபனி. கேக்காத மணிச் சத்தம். ஒரு பொம்பிளை வாறா, போறா. அவ்வளவுதான்."

"பிறகேன் பூட்டி வைச்சவங்கள்?"

"விளங்கேல்லை. அதுதான் காரணம். விளங்காத கவிதைக்குள்ளை என்னத்தை ஒளிச்சு வைச்சிருக்கிறான் எண்டு அவங்களுக்குச் சந்தேகம். டிராக்டரைப் பற்றி எழுதியிருந்தால் விட்டிருப்பாங்கள்."

நூலகங்களில் இருந்த பிரதிகளைத் தனிக் களஞ்சியம் ஒன்றில் வைத்துப் பூட்டினார்களாம். உள்ளே போக அனுமதிச் சீட்டு வேண்டும். பூட்டிய புத்தகத்துக்கு ஆறுமூலை முத்திரை குத்துவார்களாம். ஆனால் இந்தப் பிரதி நூலகத்தைக் கண்டதேயில்லை. இவர் லெனின்கிராட்டில் பொறியியல் படித்தபோது, வெளிநாட்டு மாணவர்களுக்கு ரஷ்யன் படிப்பித்த லீதியா மார்க்கொவ்னா என்ற அம்மாவின் வீட்டுப் பிரதி இது. அவருடைய தாயின் வீட்டாருக்குக் கவிஞரே கையெழுத்திட்டுக் கொடுத்தது. தாய் இறந்த பிறகு, "எங்கடை பெட்டியைத்தான் கிண்டுவாங்கள், உன்ரை பெட்டியைக் கிண்ட மாட்டாங்கள்," என்று சொல்லி இவரிடம் ஒப்படைத்திருக்கிறார். எழுபத்தொன்பதில் இவர் அதை மேல்கோட்டின் உள் துணிக்குள் வைத்துத் தைத்துக் கொண்டுவந்தார்.

அந்தப் புத்தகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. அட்டைக்கும் தலைப்புப் பக்கத்துக்கும் நடுவில் இருந்த வெற்றுத்தாளில், கவிஞரின் கையெழுத்துக்குக் கீழே, புத்தகத்தை வைத்துக் காத்தவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் பெயரைப் பென்சிலால் எழுதியிருந்தார்கள். எட்டுப் பெயர்கள். எட்டாவது இவருடையது.

"பிடிபட்டால் பேர் இருக்கிறது ஆபத்தெல்லோ?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தான் எழுதினவை. தன்ரை பேர் அதிலை இருக்கிறவன் மற்றவையைக் காட்டிக்குடுக்க மாட்டான்."

அவர்களுக்கு அது பாதுகாப்பு. எனக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது.

எண்பத்தெட்டில் இவர் மஸ்கற்றில் வேலை. நான் யாழ்ப்பாணத்தில், பாசையூரில் தனியே. இந்திய ஆமி வீடு வீடாகச் சோதனை போட்டுக்கொண்டு வந்தது. எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் கத்தரிக்கோல்தான் வேலை செய்தது. விளையாட்டுக் கழகப் படங்களில் பெடியன்களின் முகங்களை வெட்டினோம். கலியாண வீட்டு மொய்க் கொப்பியை எரித்தோம். வாசிகசாலைக் கூட்டக் குறிப்பைக் கிணற்றில் போட்டார்கள். பெயர்ப் பட்டியல் என்றால் அது போராளி இயக்கத்தின் பட்டியல்தான், வேறு விளக்கம் எடுபடாது. அதுவும் யாருக்கும் வாசிக்கத் தெரியாத எழுத்தில் எட்டுப் பேர், கடைசியில் என் புருஷன்.

புத்தகத்தைப் படிப்புப் புத்தகம் என்று சொல்லலாம். பட்டியலை என்னவென்று சொல்வது? வெட்டினேன்.

மறு வருடம் இவர் லீவில் வந்து புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "எங்கை அந்தத் தாள்?" என்று கேட்டார். முகம் வெளுத்துப் போயிருந்தது. "ஆமிக்காரன் வெட்டிக்கொண்டு போட்டான்," என்று சொன்னேன். ஒரு வசனம்தான். மீசையும் துவக்குக் கத்தியும் நான் கொடுத்ததல்ல.

அனோஜா புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இவர் கதையைத் துவக்குக் கத்தி வரைக்கும் சொல்லி முடித்திருந்தார். "அன்ரி," என்று அவள் கூப்பிட்டாள். "ஆமி வந்த அண்டைக்கு நீங்கள் வீட்டிலையோ?"

"ஓம் பிள்ளை."

"கட் பண்ணினதைக் கண்டனீங்களோ?"

"இல்லை. எங்களை முத்தத்திலை நிக்க வைச்சிட்டாங்கள்."

இரண்டாவது பொய் முதலாவதைவிடச் சுலபமாக வந்தது. அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு சின்ன நீல மின்விளக்கொன்றைக் கொளுத்தித் தலைப்புப் பக்கத்தைப் பார்த்தாள். அடுத்துப் பதினேழாம் பக்கத்தைப் புரட்டினாள்.

"ஏன் பதினேழு?" என்றார் இவர், சந்தேகத்துடன்.

"ரஷ்யன் லைப்ரரியிலை தலைப்பிலை ஒரு ஸ்ராம்ப், பதினேழாம் பேஜிலை இன்னொண்டு குத்துவினம் அங்கிள். களவெடுக்கிற ஆக்கள் முதலாவதை வெட்டிப்போட்டு ரெண்டாவதை மறந்திடுவினம். இப்ப யூரோப் முழுக்க இந்தக் காலத்து ரஷ்யன் புத்தகங்கள் களவு போகுது. அதாலை நாங்கள் எல்லாத்தையும் செக் பண்ணவேணும்." அவள் தொலைபேசியில் ஆறுமூலை முத்திரை ஒன்றின் படத்தை எங்களுக்குக் காட்டினாள். "பதினேழு கிளீன். ஆனா முன்தாள்தானே இல்லை."

"இருந்தாலும் அதிலை ஸ்ராம்ப் இருந்திருக்காது. அதிலை கவிஞன்ரை கையெழுத்து. கீழை எட்டுப் பேர்."

"அந்த எட்டுப் பேரையும் சொல்லுவீங்களோ?"

இவர் விரல் மடித்தார். ஆறோடு நின்றுவிட்டார்.

அவள் புத்தகத்தை ஒரு பெட்டியில் வைத்து, பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்து, எடுத்துக்கொண்டு போனாள். தேத்தண்ணியை ஒரு வாய்தான் குடித்திருந்தாள்.

"தமிழ்ப் பெட்டைக்கு ஏன் ரஷ்யன்?" என்றார் இவர், ஜன்னலால் அவளுடைய காரைப் பார்த்தபடி. "ஆரோ அனுப்பித்தான் வந்திருக்கிறாள்."

"நீங்கள்தானே கடிதம் போட்டுக் கூப்பிட்டனீங்கள். தமிழ்ப் பெடியனுக்கு ஏன் ரஷ்யன் எண்டு உங்களை ஆர் கேட்டது?"

"எல்லாரும் கேட்டவை."

ஒன்பதாம் நாள் ஈமெயில் வந்தது. அதை அச்செடுத்து, கண்ணாடியை மாற்றிப் போட்டு, சத்தமாகத் தமிழில் வாசித்தார். முன்தாள் மெல்லிய அலகினால், நேரான விளிம்பொன்றை வைத்து வெட்டப்பட்டிருக்கிறது. நூலக முத்திரையை நீக்குவதற்கு வழக்கமாகக் கையாளப்படும் முறையும் இதுதான். ஆயுதப்படையினர் துவக்குக் கத்தியால் வெட்டியதாகச் சொல்லப்படும் விளக்கம் இதனோடு பொருந்தவில்லை. புத்தகம் யாருடையது என்பது தெளிவாகும்வரை அது நூலகத்தின் பொறுப்பில் இருக்கும். தேவையானால் உரிய இடங்களுக்கு அறிவிக்கப்படும்.

"உங்களைக் கள்ளன் எண்டே எழுதியிருக்கு?"

"அப்பிடி எழுதேல்லை." தாளை மேசையில் வைத்தார். "ஆனா அப்பிடித்தான் எழுதியிருக்கு."

அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. பனிக்காலமும் கோடைகாலமும் ஒருநாள் தவறாமல் லோரன்ஸ் அவெனியூவால் நடந்துபோய்க் கோப்பி குடித்துவிட்டு வருகிற மனிசன், கதிரையை விட்டு எழும்பவில்லை. எழுபத்துமூன்று வயது. அவருக்கென்று இங்கே இருந்ததெல்லாம் அந்தப் புத்தகமும், அதைக் காத்தவர் என்ற பெயரும்தான். மற்றப்படி முப்பது வருடம் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினவர்.

நான் அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் பேசினார்.

"றீற்றா, ஆமிக்காரன் அடிமட்டம் வைச்சு வெட்டுவானே?"

"எனக்கென்ன தெரியும்?"

"வெட்டமாட்டான். கிழிப்பான். இது ரஷ்யன் வாசிக்கத் தெரிஞ்ச ஒருத்தன் வெட்டினது. கையெழுத்தின்ரை பெறுமதி தெரிஞ்சவன். நான் இல்லாத நேரம் எங்கடை வீட்டை வந்து போனவன்."

இவர் தொலைபேசியை எடுத்து, சத்தம் வெளியே கேட்கும்படி போட்டுவிட்டு, அஜக்ஸில் இருக்கிற செல்வரட்ணத்துக்கு அடித்தார். செல்வண்ணையும் இவரும் லெனின்கிராட்டில் ஒரே அறையில் இருந்தவர்கள். காலை பத்துமணிக்கு ஒருவரை ஒருவர் கூப்பிட்டு ஏசாவிட்டால் இருவருக்கும் பொழுது போகாது.

"செல்வம், எண்பத்தெட்டிலை நான் மஸ்கற்றிலை நிக்கேக்கை நீ எங்கடை வீட்டை வந்தனியோ?"

"வந்தனான். உன்ரை மனிசிக்கு மண்ணெண்ணெய் கொண்டந்து குடுத்தனான். இப்பதான் நன்றி சொல்லப் போறியோ?"

"ஒஸ்கோலினை எடுத்துப் பாத்தனியோ?"

"பாத்திருப்பன். ஏன்?"

"லீதியா மார்க்கொவ்னா எனக்குத்தான் குடுத்தவ. உனக்குக் குடுக்கேல்லை. அது உனக்கு இண்டைக்கு வரைக்கும் எரிச்சல்."

"மச்சான், குளிசையைப் போட்டனியோ இண்டைக்கு?"

"முன்தாளை நீதானே வெட்டினது?"

செல்வண்ணை மிக மெதுவாகக் கேட்டார்: "என்னடா சொன்னனி?"

"சனிக்கிழமை ரெண்டு மணிக்கு வா. அந்தப் பிள்ளையையும் வரச் சொல்லுறன். நேருக்கு நேர் வைச்சுக் கேப்பம்."

அவர் தொலைபேசியை வைத்ததும் நான் கேட்டேன்: "நீங்கள் என்ன, விசாரணைக் கொமிஷனோ? ஐம்பது வருசச் சிநேகிதம்."

"ஐம்பது வருசமாய் எனக்கு விளங்கேல்லைப் பார்."

சனிக்கிழமை வரைக்கும் ஐந்து நாட்கள். காலை பத்துமணிக்குத் தொலைபேசி அடிக்கவில்லை. இவர் ஒவ்வொரு நாளும் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தார். செல்வரட்ணம் எண்பத்தொன்பதில் ஏன் கொழும்புக்குப் போனான்? கூட்டங்களில் தான் ஆமிக்காரன் கதையைச் சொல்லும்போது ஏன் எப்போதும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான்? அந்த மனிசன் நிலத்தைப் பார்த்தது, அதே கதையை நாற்பதாம் தடவை கேட்கிற அலுப்பில். எனக்கு அது தெரியும். ஆனால் சந்தேகம் ஒரு வீட்டுக்குள் வந்து இருந்துவிட்டால், எல்லாச் சாமானும் அதற்குச் சாட்சி சொல்லத் தொடங்கிவிடும். நான் சோறு போடும்போதும் இவர் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பதாக எனக்குப் பட்டது. பார்க்கவேயில்லை. அவர் சந்தேகிக்காத ஒரே ஆள் நான்தான். அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

பூசைக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்யலாமா என்று யோசித்தேன். சுவாமியாரிடம் சொன்னால் கடவுள் மன்னிப்பார். நூலகம் மன்னிக்காது.

சனிக்கிழமை முதலில் வந்தது செல்வண்ணை. அஜக்ஸிலிருந்து ரயிலில் வந்து, பஸ் மாறி, நல்ல சேர்ட் போட்டு, தலையை வாரி இழுத்திருந்தார்.

"வாங்கோ செல்வண்ணை. தேத்தண்ணி..."

"இந்த வீட்டிலை நான் ஒண்டும் குடிக்கிறதாய் இல்லை தங்கச்சி. கோப்பை குறைஞ்சால் அதுவும் என்ரை தலையிலை வரும்."

இவர் சோபாவில் இருந்தபடி தொலைக்காட்சியைப் பார்த்தார். தொலைக்காட்சி நின்றிருந்தது.

அனோஜா வந்ததும் செல்வண்ணை இரண்டு கைகளையும் நீட்டினார். "பிள்ளை, விலங்கு கொண்டந்தனீரோ?"

"ஐயோ, இல்லை அங்கிள். ஃபோம்தான்." அவளுக்குச் சிரிப்பதா விடுவதா என்று தெரியவில்லை. மேசையில் ஒரு படிவத்தையும், பெரிதாக்கிய படமொன்றை மறுபுறம் திருப்பியும் வைத்தாள். "நான் ஒருத்தரையும் அக்யூஸ் பண்ணேல்லை. எனக்கு மேலை இருக்கிறவை கேள்வி கேக்கினம். நான் பதில் குடுக்கவேணும். அவ்வளவுதான்."

"கேளும்," என்றார் இவர். "உவனைத்தான் கேளும்."

"நான் என்னத்துக்கடா வெட்டுறன்? எனக்குக் கவிதையே பிடிக்காது. ஊமை மணியாம். அடிக்காத மணிக்கு ஒரு புத்தகம்."

"பாத்தியளே பிள்ளை? உள்ளுக்கை என்ன இருக்கெண்டு தெரிஞ்சு வைச்சிருக்கிறான்."

"அட்டையிலை எழுதியிருக்கடா!"

"நீ அந்த வருசம் வந்தாய். புத்தகத்தை எடுத்தாய். அடுத்த வருசம் நான் வரேக்கை தாள் இல்லை."

"நான் வந்தது மண்ணெண்ணெயோடை! ஒழுங்கை முழுக்கச் செக்கிங். ஒரு கலன் மண்ணெண்ணெயைச் சைக்கிளிலை கட்டிக்கொண்டு மூண்டு ஆமிச் சென்றியைத் தாண்டி வந்தனான், உன்ரை மனிசி விளக்கில்லாமல் இருக்கிறாள் எண்டு. அதுக்கு நீ எனக்குத் தாற பேர் கள்ளன்."

செல்வண்ணையின் குரல் அந்தக் கடைசிச் சொல்லில் உடைந்துபோனது.

"நான்தான் வெட்டினது," என்றேன்.

மூவரும் திரும்பினார்கள். குசினி வாசலில் நின்ற என் கையில் ரோல்ஸ் தட்டு இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"நீ வாயை மூடு றீற்றா," என்றார் இவர். "உனக்கு எப்பவும் உவனிலை இரக்கம்."

"இரக்கத்திலை சொல்லேல்லை. நான்தான் வெட்டினது. ஆமிக்காரன் வீட்டுக்குள்ளை வந்தவன், அலுமாரியைத் திறந்தவன், புத்தகத்தைத் தொடவேயில்லை. அதுக்கு முதல்நாளே நான் வெட்டிப்போட்டன்."

"பிள்ளை, உதை எழுதாதையும்," என்றார் இவர். "என்னைக் காப்பாத்த மனிசி பொய் சொல்லுறா."

அனோஜா எழுதவில்லை. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"அன்ரி, போனமுறை நீங்கள் வேறை சொன்னனீங்கள்."

"ஓம். அது பொய்."

"இப்ப சொல்லுறது பொய் இல்லை எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

நல்ல கேள்வி. எனக்குக் கோபம் வரவில்லை. அவளுடைய இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

"என்னத்தாலை வெட்டினனீங்கள்?" என்றாள்.

"இவர் விட்டிட்டுப் போன சவர பிளேட். பாதியாய் முறிச்சு எடுத்தனான். தையலுக்குக் கோடு போடுற மர அடிமட்டத்தை உள்ளுக்கை வைச்சு, மேலையிருந்து கீழை இழுத்தன். கடைசியிலை கை நடுங்கிப் போட்டுது. கீழை, தையல் இருக்கிற மூலையிலை, அடுத்த தாளிலையும் பிளேட் பட்டிட்டுது. ஒரு நெல்லளவு நீளம். இவர் காணாமல் இருக்கவேணும் எண்டு சோத்துப் பசை வைச்சு ஒட்டினனான்."

அனோஜா மேசையில் கவிழ்த்து வைத்திருந்த படத்தைத் திருப்பினாள். தலைப்புப் பக்கத்தின் அடி மூலை, உள்ளங்கையளவுக்குப் பெரிதாகத் தெரிந்தது. நடுவில் ஒரு சிறிய கீறல். அதைச் சுற்றி மஞ்சள் நிறத்தில் காய்ந்துபோன பசை.

"ஸ்ராச் எண்டு லாபிலை சொன்னவை. அரிசிப் பசை," என்றாள். "நான் இதை ஈமெயிலிலை எழுதேல்லை. ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

இவர் கண்ணாடியைக் கழற்றி, படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"தாளிலை ஸ்ராம்ப் இருந்ததோ அன்ரி?"

"இல்லை. பின்பக்கம் வெறுமை. முன்பக்கத்திலை மேலை ஊதா மை எழுத்து, கீழை எட்டுப் பேர்." பிறகு நான் இவரைப் பார்த்துச் சொன்னேன்: "புத்தகத்தை எரிக்கச் சொல்லி என்ரை அம்மா சொன்னவ. நீங்கள் கோட்டுக்குள்ளை தைச்சுக் கொண்டந்ததெண்டு எரிக்க மனம் வரேல்லை. தாளையாவது விடுவம் எண்டு பாத்தன். ஆனா அதிலை ஒரு பேரை ஆரோ மையாலை கிறுக்கி அழிச்சிருந்தினம். தாள் பிய்யுமட்டும் அழிச்சிருந்தது. அப்ப நினைச்சன், ரஷ்யாக்காரரும் பயந்துதானே அழிச்சிருக்கினம், நான் ஏன் பயப்பிடக் கூடாதெண்டு."

இவர் படத்தை மேசையில் வைத்தார்.

"மூண்டாவது பேர்," என்றார்.

"மூண்டோ நாலோ தெரியாது."

"மூண்டாவது. லீதியா மார்க்கொவ்னாவின்ரை தாய். பக்கத்து வீட்டுக்காரனைப் பிடிச்சுக்கொண்டு போன அண்டைக்குப் பயத்திலை தன்ரை பேரை அழிச்சவவாம். கீழை இருந்த நாலாவது பேரைப் பாக்கேல்லையோ நீ?"

"பாத்தன். எனக்கு வாசிக்கத் தெரியாதே."

"அதுவும் அவதான். ஒரு கிழமை கழிச்சு வெக்கப்பட்டுத் திருப்பி எழுதினவ."

செல்வண்ணை தட்டை என் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தார்.

"தாள் எங்கை?" என்று அனோஜா கேட்டாள். அந்தக் கேள்வியில் மட்டும் ஒரு ஆசை இருந்தது.

"அடுப்பிலை வைச்சிட்டன் பிள்ளை. தேங்காய்த் தும்போடை."

அவள் தலையைக் குனிந்தாள். பிறகு படிவத்தை இழுத்து எழுதத் தொடங்கினாள். எழுதி முடித்ததும் எனக்குத் தமிழில் சொல்லிக்காட்டினாள்: முன்தாள், 1988இல், யாழ்ப்பாணத்தில், இராணுவச் சோதனைக்கு அஞ்சி, உரிமையாளரின் மனைவியால் அகற்றப்பட்டு எரிக்கப்பட்டது.

"எனக்கு மேலை இருக்கிறவை இதை ஏத்துக்கொள்ளுவினமோ தெரியாது அன்ரி. அந்தப் பசை ஹெல்ப் பண்ணும். ஆனா திருப்பித் திருப்பிக் கேப்பினம். உங்களுக்கு ஓக்கேயோ?"

"கேக்கட்டும்."

"அங்கிளைக் காப்பாத்தச் சொல்லுறீங்கள் எண்டும் நினைப்பினம்."

"நீர் நினைக்கிறீரோ?"

"கொஞ்சம்," என்றாள், நேர்மையாக. "இப்ப குறைவு."

"மனைவி எண்டு போட்டால் காணுமோ? பேர் வேண்டாமோ?"

"போடாமலும் விடலாம் அன்ரி. இது லைப்ரரிக் கற்றலொக்கிலை வரும். உலகத்திலை ஆரும் தேடிப் பாக்கலாம்."

"எவ்வளவு காலத்துக்கு?"

"எப்பவும்."

பேனாவை வாங்கித் தமிழில் என் முழுப் பெயரை எழுதினேன். பாசையூர் என்றும் எழுதினேன்.

செல்வண்ணை எழும்பினார். ஒரு ரோல்ஸைக் கடதாசியில் சுற்றிச் சேர்ட் பைக்குள் வைத்தார்.

"முப்பத்தாறு வருசம் ஆமிக்காரன் வெட்டினவன். ஒரு கிழமை நான் வெட்டினனான். இனி உன்ரை மனிசி," என்றார் இவரைப் பார்த்து. "உன்னைத் தவிர எல்லாரும் வெட்டிப்போட்டம் மச்சான்."

"செல்வம், இரு. சாப்பிட்டிட்டுப் போ."

"இண்டைக்கு இல்லை. நாளைக்குப் பத்து மணிக்கு எடுப்பன். அப்ப ஏசுறன். இப்ப ஏசினால் கூடிப்போகும்."

அனோஜாவே அவரைக் காரில் ரயில் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

இரண்டு நாட்கள் இவர் என்னோடு பேசவில்லை. செல்வண்ணையிடம் ஏச்சு வாங்கினார், கோப்பி குடிக்கப் போனார், திரும்பி வந்தார், தேத்தண்ணி வைத்தால் குடித்தார். மூன்றாம் நாள் காலை சாப்பாட்டு மேசையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு ரஷ்ய எழுத்தில் எதையோ எழுதி, அழித்து, திரும்பவும் எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். ஆறு வரிகள் இருந்தன. கீழே இரண்டு வரிக்கு இடம் விட்டிருந்தார்.

"மற்ற ரெண்டும் வரேல்லையோ?" என்று கேட்டேன்.

"வராது." பேனையை மூடினார். "ஒண்டு கேக்கிறன், உண்மையைச் சொல்லு."

"கேளுங்கோ."

"வேறை என்னத்தை வெட்டினனி?"

ஒன்றுமில்லை என்று சொல்ல வாய் உன்னியது. முப்பத்தாறு வருடப் பழக்கம். நான் கதிரையை இழுத்து அவருக்கு எதிரே இருந்தேன்.

"லெனின்கிராட்டிலை ஆறு பேராய் நிண்டு எடுத்த ஃபோட்டோ ஒண்டு இருந்ததெல்லோ? அதிலை உங்களுக்கு இடப்பக்கத்திலை, தொப்பி போட்டுக்கொண்டு ஒருத்தி நிண்டவள்."

"அது கறையான் அரிச்சதெண்டெல்லோ சொன்னனி."

"கறையான் இல்லை."

அவர் என்னைப் பார்த்தார். இந்த முறை உண்மையாகவே ஒரு மாதிரித்தான் பார்த்தார்.

"அதுவும் ஆமிக்குப் பயந்தோ?"

"இல்லை," என்றேன்.